கண்டு, மனதுருகி, கிட்ட வந்து: வேலூரில் தவிக்கிறவர்களைச் சந்திக்க ஒரு வழிகாட்டி

வேலூரில் குடியிருக்கிறவர்களுக்கு ஒரு ஆபத்து உண்டு. சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனைக்கு வெளியூர்களிலிருந்து வரும் நோயாளிகளைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிப்போகும். ஐடா ஸ்கடர் சாலையில் ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்திருக்கும் வங்காளத்து அம்மாவும், காட்பாடி ஜங்ஷனில் மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கும் பெரியவரும் நமக்குத் தெருவின் ஒரு பாகமாகிவிடுகிறார்கள். லூக்கா 10-ஆம் அதிகாரத்தின் நல்ல சமாரியன் கதையில், எரிகோ சாலையில் குற்றுயிராய்க் கிடந்தவனை ஆசாரியனும் லேவியனும் கவனிக்கவில்லை என்று இயேசு சொல்லவில்லை. மூன்று பேரும் கண்டார்கள். இரண்டு பேர் பக்கமாய் விலகிப்போனார்கள், சமாரியன் கிட்ட வந்தான். அப்படிக் கிட்டப் போவது எப்படி, போன பிறகு என்ன செய்வது என்பதைச் சபையின் பெண்கள் ஐக்கியம், வாலிபர் ஐக்கியம், வீட்டு ஜெபக்குழு போன்றவர்களுக்காக இங்கே எழுதுகிறோம்.

பொருள் வாங்குமுன் இடத்தைப் பாருங்கள்

பெரும்பாலான குழுக்கள் தவறுவது இங்கேதான். கூடி ஜெபித்ததும் நேரே கடைக்குப் போய் ஐம்பது போர்வை வாங்கிவிடுகிறார்கள். யாருக்கு என்ன வேண்டும் என்று அதுவரை யாரும் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள். மே மாத வேலூர் வெயிலில், லாட்ஜ் அறையில் மின்விசிறி ஓடாமல் தவிக்கிறவர் கையில் கம்பளி போய்ச் சேரும்.

ஒரே இடம், ஒரே கிழமை, ஒரே நேரம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். 1900-இல் ஒரே ஒரு கட்டிலோடு மருத்துவம் தொடங்கி, சிஎம்சியை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார், பிற்பாடு குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் மரத்தடிகளில் நின்று நின்று வைத்தியம் பார்த்தார். இன்ன நாளில் இன்ன மரத்தடிக்கு வருவார் என்று தெரிந்ததால் ஜனங்கள் அங்கே காத்திருந்தார்கள். நீங்கள் மாதம் ஒரு முறை பத்து இடத்துக்குப் போவதைவிட, வாரம் ஒரு முறை ஒரே தெருவுக்குப் போவது நல்லது.

நேரம் முக்கியம். காலையில் போகாதீர்கள். விடியுமுன்பே வரிசை தொடங்கிவிடும். டோக்கன், ரத்தப் பரிசோதனை, டாக்டர் கூப்பிடும் முறை என்று அவர்களால் இடத்தைவிட்டு அசைய முடியாது, பேசவும் மனம் இருக்காது. மத்தியானம் 3 மணியிலிருந்து 5 மணி வரை தோதான நேரம். வெளிநோயாளிகள் லாட்ஜுக்குத் திரும்பியிருப்பார்கள், உடன் வந்தவர்கள் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். வார்டுக்குள் போக வேண்டுமானால் மருத்துவமனை அனுமதியும், அங்கே ஊழியம் செய்யும் சாப்ளின் (மருத்துவமனைப் போதகர்) அலுவலகத்தின் வழிகாட்டலும் வேண்டும். அனுமதி இல்லாமல் நுழைந்து பைபிளோடு கட்டில் கட்டிலாகச் சுற்றுவது நோயாளிக்கும் தொல்லை, சாட்சிக்கும் கேடு.

முதல் இரண்டு வாரம் கையில் ஒன்றும் கொண்டுபோகாதீர்கள். நடந்து பாருங்கள். இரண்டு பேர் ஒரே சாப்பாட்டைப் பங்கு போடுகிறார்களா? ஒரே சீட்டை ஒருவர் திரும்பத் திரும்பப் புரட்டுகிறாரா? எழுத்து தெரியாதவராக இருக்கலாம், எழுதியிருக்கும் மொழி தெரியாதவராகவும் இருக்கலாம். முகக்கவசமும் மொட்டைத் தலையுமாக ஒரு பிள்ளை வெயிலில் நிற்கிறதா? ஆண் நோயாளியோடு ஒரு பெண் மட்டும் வந்திருக்கிறாரா? அப்படியானால் மருந்து, கேன்டீன், பில் கவுன்டர், துணி துவைப்பது எல்லாம் அவர் தலையில்தான். கை நீட்டிக் கேட்கிறவரை எல்லோருக்கும் தெரியும். கேட்கத் தெரியாமல் சுவரோரம் சாய்ந்திருக்கிறவரைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

கிட்டப் போய் உட்காருவது

இரண்டு இரண்டு பேராகப் போங்கள். அதில் ஒரு பெண் இருப்பது அவசியம். நாலு பேர் போனால் சுற்றி வளைத்தது போல ஆகிவிடும். ஒருவருக்காவது கொஞ்சம் இந்தியோ வங்காளமோ தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் வங்காளத்தாரை "தாதா", "தீதி" என்று அழைத்து, "கேமன் ஆச்சேன்?" (எப்படி இருக்கிறீர்கள்), "கீ லாக்பே?" (என்ன வேண்டும்) என்று கேட்கிற அளவுக்குக் கற்றுக்கொள்ள ஒரு மாலை போதும். சித்தூர்ப் பக்கத்தாருக்குத் தெலுங்கில் "ஏம் காவாலி" (என்ன வேண்டும்) போதும், அது நம் ஊரில் பலருக்கு வீட்டு மொழி.

நின்றுகொண்டு பேசாதீர்கள். அவர் தரையில் இருந்தால் நீங்களும் தரையில் உட்காருங்கள். நோயாளி படுத்திருந்தால் அவர் கண்மட்டத்துக்கு இறங்குங்கள். அண்ணாந்து பார்த்துப் பேசினால் கழுத்துப் புற்று உள்ளவருக்கு வலிக்கும். மற்றவருக்கோ அதிகாரி விசாரிப்பது போல இருக்கும்.

கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. ஊர் எது, கூட யார் வந்திருக்கிறார்கள், சாப்பிட்டாயிற்றா, எங்கே தங்கியிருக்கிறீர்கள், அடுத்து டாக்டரை எப்போது பார்க்க வேண்டும். என்ன வியாதி என்று நீங்களாகக் கேட்காதீர்கள். கருப்பையிலோ மலக்குடலிலோ வந்த நோயைத் தெருவில் அந்நியரிடம் சொல்ல வைப்பது இரக்கம் அல்ல. அவராகச் சொன்னால் கேளுங்கள். "எங்க மாமாவுக்கும் இதேதான், ஆறு மாசத்துல போயிட்டார்" என்கிற பேச்சு வாயில் வரவே கூடாது.

பிறகுதான் முக்கியமான கேள்வி. எரிகோவில் பர்திமேயு குருடன் என்பது கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இயேசு அவனிடம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார் (மாற்கு 10:51). பதிலை அவன் வாயிலிருந்து வரவிட்டார். நாம் கேட்காமலே முடிவு செய்வது பெரும்பாலும் தவறாகத்தான் போகும். பசி என்று நினைத்துப் பொட்டலம் நீட்டுவோம், அவருக்கோ போனில் சார்ஜ் இல்லாமல் ஊரில் விட்டுவந்த பிள்ளைகளோடு பேச முடியாத கவலை இருக்கும்.

"ஒண்ணும் வேணாங்க" என்று முதல் தடவை சொல்வார்கள். அது மரியாதைக்குச் சொல்வது, நீங்கள் யார் என்று தெரியாததாலும் சொல்வது. வற்புறுத்தாதீர்கள். "சரிங்க, வர்ற வியாழக்கிழமை இதே நேரம் இந்தப் பக்கம் வருவோம்" என்று சொல்லிவிட்டு எழுந்திருங்கள், சொன்னபடி வாருங்கள். இரண்டாம் முறைதான் உண்மையான தேவை வெளியே வரும்.

எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது

நோயாளிக்குத் தின்ன எதையும் கொடுக்காதீர்கள். அவரோடு இருப்பவருக்குக் கொடுங்கள். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பாதி ஆபத்து போய்விடும். வாழைப்பழம், ஆரஞ்சு, இளநீர் மூன்றும் நாம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வழக்கமாகக் கையில் எடுப்பவை. சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு இவற்றிலுள்ள பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். அவருக்குத் தண்ணீருக்கும் அளவு உண்டு, ஜூஸ் வாங்கிக் கொடுத்து அதைக் கெடுக்கக் கூடாது. கீமோ எடுப்பவருக்கும் எலும்பு மஜ்ஜை மாற்றியவருக்கும் நோய் எதிர்ப்பு குறைந்திருக்கும், அவர்களுக்கு நறுக்கிய பழமும் பச்சைக் காய்கறியும் பூங்கொத்தும் ஆகாது. மறுநாள் அறுவைக்கு வெறும் வயிற்றில் இருப்பவருக்கு ஒரு வாய் காபி கொடுத்தால்கூட அறுவையே தள்ளிப்போகும்.

உடன் இருப்பவருக்குப் பொதுவாகத் தேவைப்படுவது பாய், மெல்லிய பெட்ஷீட், பக்கெட், மக், குளியல் சோப்பு, துணி சோப்பு, மூடியுள்ள பாத்திரம், பிளாஸ்க், ரிப்போர்ட்டுகளை மழை படாமல் வைக்க ஜிப் வைத்த பிளாஸ்டிக் ஃபைல். பெண்களிடம் நாப்கின் வேண்டுமா என்று பெண்தான் கேட்க வேண்டும். அறையில் அடுப்பு இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு மளிகை கொடுங்கள். இரண்டு பேருக்கு ஒரு வாரத்துக்கு அரிசி 4 கிலோ, மைசூர்ப் பருப்பு 1 கிலோ, உருளைக்கிழங்கு 3 கிலோ, வெங்காயம் 1 கிலோ, எண்ணெய் அரை லிட்டர், டீத்தூள் 100 கிராம், சர்க்கரை அரை கிலோ, உப்பு, மஞ்சள்தூள் போதும். வங்காளத்தாருக்குக் கடுகு எண்ணெய் வாங்குங்கள். நல்லெண்ணெயும் சாம்பார்ப் பொடியும் நமக்கு அமிர்தம், வயிறு ஏற்கெனவே கலங்கியிருப்பவருக்குப் பழகாத வாசம்.

பணமாகக் கேட்டால் முகத்தைச் சுளிக்காதீர்கள், உடனே எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். மருந்துச் சீட்டைக் காட்டினால் கூடவே மருந்துக் கடைக்குப் போய் அங்கே கட்டி, பில்லை வாங்கி வையுங்கள். மருத்துவமனைச் செலவென்றால் நோயாளியின் ஆஸ்பத்திரி எண்ணை வாங்கி, அந்தக் கணக்கிலேயே கவுன்டரில் கட்டுங்கள். பெரிய தொகையாக இருந்தால் அந்தத் துறையின் சமூகப் பணியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்களும் கூடப் போங்கள். சலுகைக்கு வழி தெரிந்தவர் அவர்தான். ரூம் பிடித்துத் தருகிறேன், சீக்கிரம் டாக்டரைப் பார்க்க வைக்கிறேன் என்று வரும் புரோக்கர்களிடம் ஏமாறாமல் காப்பதே சில குடும்பங்களுக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவியாக இருக்கும்.

நம் மாநிலத்தாராக இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ரேஷன் அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலர் வழியாக வாங்கும் வருமானச் சான்று ஆகியவற்றோடு சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஒரு வாலிபர் ஒருநாள் லீவு போட்டுக் கூடப் போய்வந்தால், பத்துப் பேர் காணிக்கை எடுத்தும் கிடைக்காத தொகை அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்கும். வெளிமாநிலத்தாரிடம் மத்திய அரசின் ஆயுஷ்மான் காப்பீட்டு அட்டை இருந்தால், அந்த மருத்துவமனையும் அந்தச் சிகிச்சையும் அதில் சேருமா என்று முதல் நாளே காப்பீட்டு மேசையில் கேட்கச் சொல்லுங்கள்.

தொழுநோய் வந்து ஆறியவர்கள் நம் சபை வாசல்களில் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். 1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் கண்டு சொன்னதை ஒவ்வொரு சபையாரும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த நோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. நரம்பு கெட்டு வலி தெரியாமல் போவதால், சுட்டதும் குத்தியதும் தெரியாமல் காயப்பட்டுக் காயப்பட்டுத்தான் குறைகின்றன. ஆகவே கொதிக்கக் கொதிக்க டீயை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி அவர் கையில் கொடுப்பது நாமே சூடு வைப்பதற்குச் சமம். அவர் டம்ளரைச் சுற்றி விரல்களை மடக்கி, சாவகாசமாகப் பிடித்திருப்பார், முகத்தில் ஒரு சுளிப்பும் இருக்காது. தோல் மட்டும் உள்ளே வெந்துகொண்டிருக்கும், மாலையில் கொப்புளம் எழும்பும். பிடி வைத்த கோப்பையில் ஆற்றிக் கொடுங்கள், அல்லது டம்ளரைத் துணி சுற்றிக் கொடுங்கள். செருப்பு வாங்கித் தருவதானால் கட்டைவிரலிடையே வார் போகும் ரப்பர் செருப்பு வேண்டாம், ஆணி அடித்ததும் வேண்டாம். மிருதுவான எம்சிஆர் (நுண்துளை ரப்பர்) அடிப்பாகமும் குதிகாலில் வாரும் உள்ள செருப்பு வேண்டும். 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் விசாரித்தால் காலை அளந்து சரியானதைச் சொல்வார்கள். தினமும் 20 நிமிடம் பாதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலை மெதுவாகத் தேய்த்து, ஈரத்தோடு எண்ணெய் தடவினால் வெடிப்பு வராது. தோலில் உணர்ச்சியற்ற தேமல் புதிதாக யாருக்காவது இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம். வகையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம் சாப்பிட்டால் குணமாகும். அவர் கையைப் பிடித்துப் பேசுங்கள். இயேசு குஷ்டரோகியைத் தொட்டது சுகமாக்கிய பிறகு அல்ல, அதற்கு முன்பே (மாற்கு 1:41).

ஜெபம்

ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள். வேண்டாம் என்றால் சிரித்த முகத்தோடு விட்டுவிடுங்கள், கொண்டுபோன உதவியில் ஒரு குறையும் வைக்காதீர்கள். டாக்காவிலிருந்து வந்த இஸ்லாமியரும் ஜார்கண்டிலிருந்து வந்த இந்துவும் நம் கையில் அரிசி வாங்கும்போது, இதற்குப் பதிலாக நம்மிடம் என்ன எதிர்பார்ப்பார்களோ என்று பயப்படக் கூடாது. சமாரியன் காயம் கட்டியபோது அவன் எந்த ஊரான், எந்த மலையில் தொழுகிறவன் என்று விசாரிக்கவில்லை.

சம்மதித்தால் ஒரு நிமிடம், தாழ்ந்த குரலில், அவர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். தலையில் கை வைக்குமுன் கேளுங்கள். தையலோ குழாயோ இருக்கலாம். "சுகமாயிடுச்சு, விசுவாசிங்க, மாத்திரையை நிறுத்துங்க" என்று சொல்கிறவரை அடுத்த வாரம் குழுவில் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். இதில் தாட்சணியம் பார்த்தால் ஒரு உயிர் போகும். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் அவனுக்குப் பாரமானார்கள்.

போட்டோ எடுக்கக் கூடாது. கொடுக்கும்போதும் வேண்டாம், ஜெபிக்கும்போதும் வேண்டாம். சபையின் வாட்ஸ்அப் குழுவில் "இன்ன லாட்ஜ், இன்ன அறை, இன்ன புற்று" என்று ஜெபக் குறிப்பு போடவும் கூடாது. "பிள்ளையோடு வந்திருக்கும் ஒரு தாய்க்காக" என்றால் கர்த்தருக்குப் புரியும்.

நெடுஞ்சாலையில், பிளாட்பாரத்தில்

எரிகோ சாலை நமக்குச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை. விபத்தைக் கண்டு வண்டியை ஓரம் கட்டாமல் போகிறவர்கள் சொல்லும் காரணம் போலீஸ் கேஸ். அந்தப் பயத்துக்கு இப்போது இடமில்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுகிறவரை வழக்கிலிருந்து காக்கிறது. உங்கள் பெயரைச் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 108-ஐ அழையுங்கள். ரத்தம் பீறிடும் இடத்தில் சுத்தமான துணியை மடித்து வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடியுங்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள். கழுத்தைத் திருப்பவும், ஆட்டோவில் மடக்கித் திணிக்கவும் வேண்டாம். தீப்பிடிக்கும் ஆபத்து இல்லாவிட்டால் ஆம்புலன்ஸ் வரும்வரை அசைக்காமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருங்கள்.

வெயில் காலத்தில் பிளாட்பாரத்தில் சுருண்டு கிடப்பவரைக் குடிகாரர் என்று தாண்டிப் போகாதீர்கள். உடல் நெருப்பாகச் சுட்டு, பேச்சு குழறினால் வெப்பத் தாக்கு. நிழலுக்கு மாற்றி, உடலை நனைத்து விசிறி, 108-ஐ அழைக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நினைவோடு களைத்திருப்பவருக்கு 1 லிட்டர் நல்ல தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உப்பு கூடினால் கெடுதல், கண்ணளவில் போடாதீர்கள்.

தனியாக நிற்கும் பிள்ளையை எவ்வளவு பாவமாக இருந்தாலும் வீட்டுக்கு அழைத்துப் போகாதீர்கள். 1098-ஐ அழைத்து, ஸ்டேஷனிலிருக்கும் ரயில்வே பாதுகாப்புப் படையிடம் சொல்லி, ஆள் வரும்வரை கூட இருங்கள். 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். கைவிடப்பட்ட முதியவர்களுக்கு 14567.

நோட்டு

சமாரியன் இரண்டு பணம் கொடுத்ததோடு போய்விடவில்லை, திரும்பிவருவேன் என்று சத்திரக்காரனிடம் சொல்லிவிட்டுப் போனான். உங்கள் குழுவுக்கு அதற்கு ஒரு நோட்டு வேண்டும். பெயர், ஊர், அறை, அடுத்த டாக்டர் தேதி, கேட்டது என்ன, செய்தது என்ன, செய்கிறேன் என்று சொல்லிச் செய்யாதது என்ன. கடைசிப் பத்தியைத்தான் ஒவ்வொரு கூட்டத்திலும் முதலில் வாசிக்க வேண்டும். நோட்டு ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும். பணம் வேறொருவர் கையில் இருக்கட்டும், பில்லோடு மாதம் ஒருமுறை ஆயரிடம் கணக்குக் காட்டட்டும். ஒரே குடும்பத்துக்கு மூன்று பேர் தனித்தனியாக அரிசி வாங்கிக் கொடுப்பதும், பக்கத்து அறைக்கு யாருமே போகாததும் நோட்டு இல்லாத குழுக்களில் அடிக்கடி நடக்கும்.

நோயாளி இறந்துபோனால் உடன் வந்தவர் தனித்துப்போவார். அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியது தமிழ் தெரிந்த ஒருவர். ஆம்புலன்ஸ் வாடகையைக் கிலோமீட்டர் கணக்கில் எழுதி வாங்குங்கள். விமானத்தில் கொண்டுபோவதானால் இறப்புச் சான்று, உடலைப் பதப்படுத்திய சான்று, காவல்துறையின் தடையில்லாச் சான்று மூன்றும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நகல் எடுத்துவிடுங்கள். இங்கேயே அடக்கம் செய்ய விரும்பினால் அவரவர் மதத்தாரின் ஜமாத்தையோ மயானப் பொறுப்பாளரையோ நீங்கள் போய்ப் பாருங்கள், அவரை அலையவிடாதீர்கள்.

குணமாகி ஊர் திரும்புகிறவருக்கு டிக்கெட் எடுக்குமுன் ரயில் சலுகைப் படிவம் வாங்கினாரா என்று கேளுங்கள். புற்றுநோய், இதய அறுவை, டயாலிசிஸ் போன்றவற்றுக்கு வந்த நோயாளிக்கும் உடன் போகும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனை முத்திரையிட்ட படிவத்தோடு கவுன்டரில் எடுக்க வேண்டும். மாத்திரைச் சீட்டில் காலை, மத்தியானம், இரவு என்று அவர் மொழியில் எழுதியிருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் சூரியனும் நிலாவும் வரைந்து காட்டுங்கள். ஊர் போய்ச் சேர்ந்த ஒரு வாரத்தில் போன் செய்யுங்கள். மறுபரிசோதனைக்கு எப்போது வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டு அந்தத் தேதியை நோட்டில் குறித்து, அதற்குப் பத்து நாள் முன்பே அறை தேடத் தொடங்குங்கள்.